மலாயர் என்னும் பெயர்: அதன் பொருளும் வழக்கும்

ஒரு மக்களினத்தின் பெயரை மற்றோர் இனத்தார் எவ்வாறு கேட்டனர், எவ்வாறு எழுதினர், எப்பொருளில் வழங்கினர் என்பன சொல்லாராய்ச்சியின்பாற்பட்ட வினாக்கள். தமிழர் கடல்கடந்து பழகிய மக்களுள் மலாயர் முதன்மையானவர். ஆயினும் அவர்தம் பெயரைப் பற்றி நம்மிடையே வழங்கும் கருத்துக்களுள் இரண்டு, போதிய ஆராய்ச்சியின்றியே நிலைபெற்றுவிட்டன. ‘மெலாயு’ என்று அவர்கள் தம்மைக் குறிக்கும் சொல், ‘மலை’, ‘ஊர்’ என்னும் தமிழ்ச் சொற்களின் புணர்ச்சியே என்பது ஒன்று. முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் ‘மலையூர்’ இக்கால மலேயாவே என்பது மற்றொன்று. மேடைகளில் மட்டுமன்றி, மாணவர் கைக்கொள்ளும் நூல்களிலும் இவை ஐயத்திற்கிடமில்லா உண்மைகள்போல் எழுதப்படுவதைக் காண்கின்றோம். இவை எத்துணை வலிவுடையன என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மெய்க்கீர்த்தியிலிருந்து தொடங்குவது முறையாகும். கி.பி. 1025 அளவில் நிகழ்ந்த கடாரப் படையெடுப்பைக் கூறும் பகுதி, ஸ்ரீவிசயம் முதலாகக் கடாரம் ஈறாகப் பதின்மூன்று இடங்களை நிரல்படக் கூறுகின்றது. பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாதமாலிங்கம், இலாமுரி தேசம், நக்கவாரம் என்பன அவற்றுட் சில. ஒவ்வோரிடத்திற்கும் புலவர் ஓர் அடைமொழி தந்துள்ளார். மலையூருக்குத் தந்த அடை, நல்ல மலையை மதிலாகவுடைய பழமையான ஊர் என்னும் பொருளது. இவ்வடையைக் கண்டே, அவ்வூர் மலையால் பெயர்பெற்றது என்று நம்மவர் துணிந்தனர்.

அடைமொழியைச் சான்றாகக் கொள்ளுமுன், அந்நிரலில் உள்ள பிற பெயர்களையும் நோக்குதல் வேண்டும். இலங்காசோகம் என்பது லங்காசுகம் என்னும் தீபகற்ப நாட்டின் பெயர். அதன் இறுதியில் ‘அசோகம்’ என்னும் பழகிய சொல்லின் ஒலி ஏறியிருப்பதைக் காண்க. மாதமாலிங்கம் என்பது தாமிரலிங்கம். நக்கவாரம் இக்கால நிக்கோபார்த் தீவுகள். ஆகவே மெய்க்கீர்த்திப் புலவர் அயல்நாட்டுப் பெயர்களைத் தம் செவிக்கும் தம் யாப்பிற்கும் இயைந்த வடிவில் அமைத்துக்கொண்டார் என்பது தெளிவு. பெயரைத் தமிழாக்கிய பின், அத்தமிழ் வடிவிலிருந்தே அடைமொழியைப் பிறப்பித்தல் புலவர்க்கு எளிது. மலையூர் என்று எழுதியபின் மலையைப் பாடாது விடுவாரோ? எனவே அடைமொழி பெயரின் பிறப்பைக் காட்டாது. பெயரைப் புலவர் எவ்வாறு பொருள்கொண்டார் என்பதையே காட்டும்.

இவ்விடத்தின் நில இயல்பும் இதற்கு அரணாக நிற்கின்றது. பழைய மலாயு, சுமத்திராவின் கிழக்கே பத்தாங்காரி ஆற்றின் கீழ்ப்பகுதியில், இக்கால ஜாம்பியை ஒட்டி இருந்தது என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் ஏற்ற முடிபு. முவாரோ ஜாம்பியில் காணப்படும் விரிந்த செங்கற் கோயில் தொகுதி அதற்குத் துணையாகும். அது ஆற்று வண்டல் படிந்த தாழ்நிலம், சதுப்பு மிகுந்தது. மலையை மதிலாகக்கொண்ட ஊருக்குரிய இடம் அன்று. பிற்காலத்தே அவ்வரசின் தலைமை ஆற்றின் மேற்பகுதி நோக்கி நகர்ந்தது உண்மையே. ஆனால் சோழர் படை சென்ற காலத்திற்கு அது மிகப் பிந்தியது.

இதனால் இரண்டாம் கருத்தும் வீழ்கின்றது. மலாயு என்பது அக்காலத்தில் சுமத்திராவிலிருந்த ஓர் அரசின் பெயர். தீபகற்பம் முழுவதும் அப்பெயரால் வழங்கப்படவில்லை. தீபகற்பத்தில் இருந்த இலங்காசோகமும் மாதமாலிங்கமும் கடாரமும் மெய்க்கீர்த்தியில் தனித்தனியே எண்ணப்பட்டுள்ளன. ‘மலேயா’ என்பது ஆங்கிலேயர் ஆட்சியில் பரவிய பெயர். 1946இல் மலாயன் யூனியன் என்றும் 1948இல் மலாயாக் கூட்டரசு என்றும் அரசியல் வடிவு பெற்றது. பதினோராம் நூற்றாண்டுச் செய்யுளில் வரும் ஓர் ஊர்ப்பெயருக்கு இருபதாம் நூற்றாண்டின் நாட்டுப்பெயரை உரையாக எழுதுதல், காலமுறை அறியாதார் செயலாகும். உரையெழுதுவோர் ‘சுமத்திராவில் ஜாம்பியை ஒட்டியிருந்த மலாயு’ என்று எழுதுவரேல் மாணவர் பயன்பெறுவர்.

இனிச் சொற்பிறப்பிற்கு வருவோம். அப்பெயரின் மிகப் பழைய எழுத்துச் சான்று சீனருடையது. கி.பி. 644-645 அளவில் ‘மோ-லோ-யு’ என்னும் நாட்டிலிருந்து தூதர் வந்தமை சீனக் குறிப்புக்களில் உள்ளது. 671இல் புறப்பட்ட பௌத்தத் துறவி ஈ-சிங், ஸ்ரீவிசயத்தில் ஆறு மாதமும் மலாயுவில் இரண்டு மாதமும் தங்கிக் கடாரம் சென்றார். பின்னர் மலாயு ஸ்ரீவிசயத்தோடு ஒன்றிவிட்டதையும் குறித்தார். சீன எழுத்து அயற்சொல்லின் இறுதி மெய்யைத் தவறாது காட்டும் என்று நாம் கொள்வதற்கில்லை. ஆகவே இச்சான்று ஒன்றைக்கொண்டே ரகர இறுதி இல்லை என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. ஆனால் அந்நாட்டின் உள்ளேயே கிடைத்த கல்வெட்டு உண்டு. சாவக அரசன் கிருதநகரன் அமோகபாசர் படிமம் ஒன்றைச் சுமத்திராவிற்கு அனுப்பிய செய்தியைக் கூறும் 1286ஆம் ஆண்டுப் பாடாங் ரோச்சோக் கல்வெட்டு, அந்நாட்டைப் ‘பூமி மலாயு’ என்கின்றது. இஃது அவ்வட்டாரத்தார் மொழியிலும் எழுத்திலும் அமைந்தது. இங்கு ரகர ஒற்று இல்லை. 1365இல் எழுந்த நாகரகிருதாகமம் என்னும் சாவகக் காப்பியத்திலும் மலாயு என்றே உள்ளது.

‘ஊர்’ என்னும் சொல்லின் ரகரம் மலாய் மொழியில் கெட்டது என்று சிலர் விடை கூறக்கூடும். அம்மொழியின் இயல்பு அதற்கு இடந்தரவில்லை. அடுக்களையில் அன்றாடம் வழங்கும் ‘சாயுர்’ (காய்கறி), ‘தெலுர்’ (முட்டை), ‘டாப்புர்’ (அடுக்களை) என்னும் சொற்களின் எழுத்து வழக்கில் ஈற்று ரகரம் செம்மையாக நிற்கின்றது. தமிழிலிருந்து அம்மொழி கடன்கொண்ட சொற்களிலும் ஈற்றொலி பேணப்படுகின்றது. கப்பல் ‘காப்பால்’ ஆயிற்று. முதல் ‘மோடால்’ ஆயிற்று. மீசை ‘மிசாய்’, வகை ‘பாகாய்’, கடை ‘கெடாய்’ ஆயின. இந்நெறிப்படி மலையூர் என்பது ‘மெலாயுர்’ என்றே நின்றிருத்தல் வேண்டும். ‘சாயுர்’ என்னும் சொல்லில் ‘யுர்’ என்னும் ஈறு சிறிதும் சிதையாது நிற்க, நாட்டின் பெயரில் மட்டும் அது சிதைந்தது என்பதற்குக் காரணம் காட்டுதல் அரிது. முதலெழுத்தின் அகரம் எகரமாய்க் குறுகியது மட்டும் அம்மொழிக்கு இயல்பானது. கடை, கெடாய் ஆனதிலும் அதனைக் காண்கின்றோம்.

எதிர்த்தரப்பிற்கு வலிவூட்டும் சான்று ஒன்று உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. 1292 அளவில் அக்கடல் வழியே சென்ற மார்க்கோ போலோவின் நூலில் ‘மலாயுர்’ என ரகர இறுதியோடு கூடிய வடிவம் காணப்படுகின்றது. இதனைப் பொருட்படுத்தாமல் செல்வோர் தம் வழக்கைத் தாமே வலிகுன்றச் செய்வர். ஆனால் அக்கடலில் தமிழ் வணிகர் நெடுங்காலம் இயங்கினர் என்பதை மறத்தலாகாது. சுமத்திராவின் மேற்குக் கரையில் பாரூசை அடுத்த லோபு துவாவில், திசையாயிரத்து ஐஞ்ஞூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரின் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்துள்ளது. மலையூர் என்னும் தமிழ் வடிவம் கப்பலோரிடையே வழங்கி, அயலார் செவிக்கும் எட்டியிருத்தல் கூடும். அங்ஙனமாயின் மார்க்கோ போலோவின் வடிவம், தமிழர் அப்பெயரை வழங்கிய முறைக்குச் சான்றாகுமேயன்றி, அந்நாட்டார் அதனைத் தமிழரிடமிருந்து பெற்றனர் என்பதற்குச் சான்றாகாது.

வடமொழியாளரும் நம்மைப் போன்றே செய்தனர். பாடாங் ரோச்சோக் கல்வெட்டோடு தொடர்புடைய அமோகபாசர் படிமத்தின் பின்புறத்தே 1347இல் ஆதித்தியவர்மன் பொறித்த வடமொழிக் கல்வெட்டில் ‘மலயபுரம்’ என்னும் பெயர் வருகின்றது. நம் புலவர் ‘ஊர்’ என்று கேட்ட இடத்தில் அவர் ‘புரம்’ சேர்த்தார். வாயு புராணத்தின் மலயத்துவீபத்தையும் இதனோடு இணைப்பர். மலயம் என்னும் வடசொல்லே தென்னாட்டு மலைப்பெயராதலின், அதன்வழித் தமிழுக்கு உரிமை கொண்டாடுவாரும் உளர். ஒரு வடிவத்தை அயலார் தம் மொழிக்கேற்பத் திருத்தி எழுதியதை அதன் வேராகக் கொண்டால், சீனர்க்கும் அப்பெயரில் உரிமை உண்டென்று கூற நேரும்!

பழஞ்சாவக மொழியில் ‘மலாயு’ என்பதற்கு ஓடுதல் என்பது பொருள். இதனைக்கொண்டு, ‘ஓடிப்போனவர்’ என்று அவ்வினத்தார்க்குப் பெயர்க்காரணம் கூறுவர் சிலர். இது பகைவர் கட்டிய கதையின் தன்மையது. ஆயினும் ஆற்றின் விரைந்த ஓட்டத்தைக் குறித்துப் பெயர் தோன்றியது என்பார் கூற்றை அத்துணை எளிதில் தள்ளுதற்கில்லை. 1612ஆம் ஆண்டு முகவுரை கொண்ட ‘சுலாலத்துஸ் சலாத்தீன்’ என்னும் மலாயர் வரலாற்று நூல், பலெம்பாங் நாட்டில் சகுந்தாங் மாமேரு என்னும் குன்றின் அருகே மலாயு என்ற ஆறு ஓடியதாகக் கூறுகின்றது. பெயரைத் தம்முடையதாகக் கொண்ட மக்கள் தாமே கூறும் மரபு ஆற்றைச் சுட்டுகின்றது. ஊரையோ மலையையோ சுட்டவில்லை.

இனிப் பெயரின் பொருள் விரிந்தவாற்றைக் காண்போம். ஆராயத்தக்க செய்திகள் இங்கேதான் மிகுதி. நம்மவர் கவனம் பிறப்பிலேயே நின்றுவிட்டமையால் இப்பகுதி புறக்கணிக்கப்பட்டது.

தமிழரிடம் அம்மக்களைக் குறிக்க மற்றொரு பழஞ்சொல் இருந்தது. அது ‘சாவகர்’ என்பது. மணிமேகலையில் ஆபுத்திரன் மறுபிறப்பெடுத்து ஆளும் நாடு சாவகம். அதன் தலைநகர் நாகபுரம். (சமண இல்லறத்தாரைக் குறிக்கும் சாவகர் என்னும் சொல் வேறு, அது ‘சிராவகர்’ என்பதன் திரிபு. சிலப்பதிகாரத்துச் சாவக நோன்பியரைக் கடல்கடந்து வந்தோராகக் கொள்ளும் பிழை மாணவர் தாள்களில் தோன்றுவதுண்டு.) சாவகம் என்றதும் இக்கால ஜாவாத் தீவு ஒன்றையே நினைத்தல் கூடாது. 1247இல் இலங்கைமேற் படையெடுத்த சந்திரபானு, தாமிரலிங்கத்து அரசன். அவன் நாடு இன்றைய தாய்லாந்தின் தென்பகுதி. ஆயினும் சூளவம்சம் அவனைச் சாவகன் என்றே கூறும். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டும் அவ்வழிப்பட்டோனைச் சாவகன் என்றே சுட்டும். யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியையும் அறிஞர் இதனோடு இயைத்துக் காண்பர். அராபியர் வழக்கும் இதனோடு ஒத்தது. தீவகத்தார் அனைவரையும் அவர்கள் ‘ஜாவி’ என்றனர். இபுன் பதூதா சுமத்திராவை ஜாவா என்றே எழுதினார். மலாய் மொழியை எழுதும் அராபிய எழுத்துமுறைக்கு ஜாவி என்று பெயர் நின்றதும் இதனாலேயே. எனவே இடைக்காலத் தமிழில் மலையூர் என்பது ஓரிடத்தின் பெயர். சாவகர் என்பதே மக்களைக் குறிக்கும் பொதுப்பெயர். இவ்விரண்டும் வேறுவேறு பணிபுரிந்தன.

இலங்கையில் இப்பழைய வழக்கு அண்மைக்காலம்வரை உயிரோடிருந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் படைவீரராகவும் நாடுகடத்தப்பட்டோராகவும் வந்தவரின் வழித்தோன்றல்களை ஆங்கிலேயர் மலாயர் என்று பெயரிட்டனர். சிங்களவரோ ‘ஜா மினிசு’ என்றனர். தமிழர் ‘ஜாவா மனுசர்’ என்றனர். அவர்களுட் பலர் பத்தாவியாவிலிருந்து வந்தமையால் இப்பெயர் எழுந்தது என்று கூறுவதுண்டு. அதுவும் உண்மையே. ஆனால் சூளவம்சக் காலத்திலிருந்தே அச்சொல் அத்தீவில் வேரூன்றியிருந்ததனால், புதிதாக வந்தோர்க்குப் பழைய பெயர் எளிதிற் பொருந்தியது என்பதே நம் கருத்து. அம்மக்கள் தம்மை ‘மெலாயு’ என்றே குறிக்கின்றனர். 1869இல் கொழும்பில் ஜாவி எழுத்தில் ‘ஆலாமத் லங்காபுரி’ என்னும் மலாய் இதழை வெளியிட்டவர்கள் அவர்களே. சிங்கப்பூரில் ‘ஜாவி பெரானாக்கான்’ வெளிவந்தது அதற்கு ஏழாண்டுகள் பின்னர், 1876இல். அவ்விதழின் பெயர், தமிழ் முசுலிம் தந்தையர்க்கும் மலாய்த் தாயர்க்கும் பிறந்த குடியினரைச் சுட்டுவது. தமிழரும் மலாயரும் கலந்த ஒரு குடிக்கு வழங்கிய பெயரில் ‘ஜாவி’ என்பது மலாய்ப் பகுதியைக் குறித்து நின்றமை நோக்கத்தக்கது.

மெலாயு என்னும் இடப்பெயர் மக்கட்பெயரானது மலாக்காவின் எழுச்சியோடுதான். பலெம்பாங் அரசவழியினர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட மலாக்கா மன்னரின் குடிவழியும், அவர்தம் மொழியும், அவர்கள் தழுவிய இசுலாமிய நெறியும் சேர்ந்து அச்சொல்லுக்குப் புதுப்பொருள் தந்தன. 1511இல் நகரம் போர்த்துக்கேயர் கைப்பட்ட பின் அம்மரபு சொகூர், பேராக்கு முதலிய இடங்களுக்குப் பரவியது. ‘ஹிக்காயாத் ஹாங் துவா’ என்னும் காப்பியத்தில், மலாக்காவின் மலாயர் சாவகரோடு கலந்த கலப்பு மலாயரே என்று கூறும் இடம் உண்டு. தூய மலாயர் எவர் என்னும் வினா இக்காலத்தார் தோற்றுவித்ததன்று. அவர்தம் இலக்கியமே அதனை வினவிற்று.

ஐரோப்பியர் இச்சொல்லை மேலும் நீட்டினர். புளூமென்பாக்கு என்னும் செருமானிய அறிஞர் 1795இல் மனித இனத்தை ஐந்தாகப் பகுத்தபோது அவற்றுள் ஒன்றிற்கு ‘மலாய்’ என்று பெயரிட்டு, பசிபிக்குத் தீவினரையும் அதனுள் அடக்கினார். பின்னர் ஆட்சியாளர் சட்டம் வகுக்க நேர்ந்தபோது சொல்லைச் சுருக்க வேண்டியதாயிற்று. ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1913ஆம் ஆண்டு மலாயர் ஒதுக்குநிலச் சட்டம், மலாய் இனங்களுள் ஒன்றைச் சார்ந்து, மலாய் மொழியையோ அவ்வினமொழி ஒன்றையோ வழக்கமாகப் பேசி, இசுலாம் சமயத்தைப் பின்பற்றுவோரை மலாயர் என்றது. 1957ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 160ஆம் பிரிவு இன்னும் ஒரு படி சென்றது. அதில் இனம் என்னும் சொல் நீங்கி, இசுலாமிய சமயம், மலாய் மொழி, மலாய் வழக்கம் ஆகிய மூன்றும் நாட்டோடு பிறப்பாலோ வாழ்வாலோ உள்ள தொடர்பும் எஞ்சின. சிங்கப்பூரில் குழுத்தொகுதித் தேர்தலுக்கென 1988இல் வகுத்த வரையறையோ சமயத்தைக் குறிப்பிடவில்லை. தன்னை மலாய்ச் சமூகத்தவன் என்று கருதி, அச்சமூகத்தாராலும் ஏற்கப்பட்டவனே அதன்படி மலாயன். ஒரே சொல், ஒரு கால்வாய்க்கு இருபுறமும் இருவேறு பொருள்!

இவ்வேறுபாடு வெறும் ஏட்டளவினதன்று. ‘மாசொக் மெலாயு’ (மலாயர் ஆதல்) என்னும் மலாய்த் தொடர், இசுலாத்தில் சேர்தலைக் குறித்தது. ஜாவி என்னும் சொல்லும் இவ்வாறே ‘மாசொக் ஜாவி’ என விருத்தசேதனத்தைக் குறித்தது. சமயமும் இனப்பெயரும் அத்துணை நெருங்கிவிட்டன. தமிழ் வழியினரான முன்சி அப்துல்லா (1796-1854), 1849இல் அச்சேறிய தம் வரலாற்று நூலில் மலாயரைப் பற்றி எழுதும்போது, பலவிடத்தும் அவர்களிலிருந்து விலகி நின்றே பேசுகின்றார். அவரைப் போன்ற குடியினரின் வழித்தோன்றல்கள் பலர் இன்று மலாயராகவே எண்ணப்படுகின்றனர். அவர் மலாய் இலக்கியத்திற்குரியவரா, தமிழர் வரலாற்றிற்குரியவரா என்று வழக்காடுவோர், எந்த ஆண்டின் ‘மலாயர்’ என்னும் சொல்லைக்கொண்டு வழக்காடுகின்றனர் என்பதை முதலிற் கூறுதல் வேண்டும்.

இக்காலத் தமிழில் மலாயர், மலாய்க்காரர், மலேயர், மலாய் மக்கள் என நான்கு வடிவங்கள் வழங்குகின்றன. ‘மலேயர்’ என்பதை விலக்குதல் நன்று என்பது நம் துணிபு. மலாய் இனத்தார், மலேயா நாட்டிற் பிறந்த எவ்வினத்தார் என்னும் இரு பொருளுக்கும் அஃது இடந்தருகின்றது. 1963 செப்டம்பர் 16ஆம் நாள் மலேசியா தோன்றிய பின் நாட்டினரைக் குறிக்க ‘மலேசியர்’ என்னும் சொல் வந்துவிட்டமையால் அவ்விருபொருட் சொல்லுக்குத் தேவையும் ஒழிந்தது. மலேசியத் தமிழன் ஒருவன் மலேசியன். ஆனால் மலாயன் அல்லன். சுமத்திராவின் ரியாவு மலாயர் மலாயரே. ஆனால் மலேசியர் அல்லர். பழைய நூல்களைப் பதிப்பிப்போர் ‘மலேயர்’ என்று வருமிடத்தெல்லாம் எப்பொருளில் வந்தது என்று குறிப்பெழுதுதல் வேண்டும்.

‘மலாய்க்காரர்’ என்பது பேச்சுவழக்கில் வலுவாக வேரூன்றிய சொல். ‘காரர்’ என்னும் ஈறு தன்னளவில் இழிவு தருவதன்று. தோட்டக்காரர், ஊர்க்காரர் என்பவற்றில் அதனைக் காண்க. ஆயின் ஒருமையில் ‘காரன்’ என்று முடியும்போது மதிப்புக் குறைகின்றது. ஆய்வு நூல்களில் மலாயர் என்னும் வடிவே அமையும்.

இத்துணை நுணுக்கம் வேண்டுமோ என்று வினவுவார்க்கு, மலாயர் நம்மைக் குறித்த சொல்லையே காட்டலாம். ‘கெலிங்’ என்பது கலிங்கம் என்னும் நாட்டுப்பெயரின் வழிவந்தது என்பர். சுலாலத்துஸ் சலாத்தீனில் ‘பெனுவா கெலிங்’ இந்தியப் பெருநாட்டைக் குறிக்கும் மதிப்புள்ள சொல். நம் சோழ மன்னனும் அந்நூலில் ‘ராசா சூலான்’ எனத் தோன்றிக் கெலிங் நாட்டிலிருந்தே புறப்படுகின்றான். பினாங்கில் 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரிலும் இழிவு இல்லை. ஆனால் தோட்டத்தொழிலாளர் காலத்திற்குப்பின் அச்சொல் வசையாயிற்று. இன்று மலேசியத் தமிழர் அதனைக் கேட்கப் பொறார். அதன் பழைய பொருளைக் காட்டி இன்றைய வழக்கை ஏற்கும்படி நம்மிடம் எவரேனும் கூறின் நாம் உடன்படமாட்டோம். அவ்வாறே, மெலாயு என்பது மலையூரே, ஆதலின் நீவிர் எம் பெயரால் வழங்குகின்றீர் என்று நாம் கூறின் அவர்களும் உடன்படார். அதற்குச் சான்றும் இல்லாதபோது கூறுவானேன்?

மெய்க்கீர்த்தியின் மலையூர் நமக்குத் தரும் பெருமை வேறு. மலாயு என்னும் பெயரைப் பதினோராம் நூற்றாண்டிலேயே கல்லில் எழுதிவைத்த சான்றுகள் உலகிற் சிலவே. அவற்றுள் ஒன்று தமிழில் உள்ளது. மலாய் வரலாறு எழுதுவோர் அக்கல்வெட்டை இன்றும் எடுத்தாள்கின்றனர். அதன் பதின்மூன்று இடப்பெயர்களையும் தமிழ் ஒலிமாற்ற நெறிப்படி ஒருங்குவைத்து ஆராய்ந்து, எந்த ஒலி எவ்வாறு தமிழில் ஏறியது என்று வரையறுக்கும் பணி நம் துறையினரைச் சார்ந்தது. பண்ணை, மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு என்பன முதலில் எடுத்துக்கொள்ளத்தக்கன.